பட்டறைப் பதில்கள்: இன்ஜின் மாறிய காரும் ஆர்.சி. புத்தகமும்

கேள்வி: 1974-ல் தாத்தா வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 வீட்டில் நிற்கிறது. நெல் கொட்டகையில் பல வருடம் கிடந்து இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. 1990-களில் வந்த ஒரு அம்பாசிடரின் 1.8 இசுசு பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர் பாக்ஸோடு விலைக்கு வருகிறது. “முதல்ல ஏத்திடலாம், ஆர்.டி.ஓ. ஆபீஸை அப்புறம் பாத்துக்கலாம்” என்கிறார் மெக்கானிக். அப்படிச் செய்யலாமா?
— வாசகர், பாபநாசம்

பதில்: செய்யாதீர்கள். பானெட்டைத் திறக்கும் முன்பே பிரேக் இன்ஸ்பெக்டரிடம் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பேசிவிட வேண்டிய வேலை இது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-தான் இதற்கு அடிப்படை. கம்பெனி குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் முரண்பாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதற்காக, செத்த இன்ஜினை மாற்றவே முடியாது என்று அர்த்தமில்லை. அனுமதி வாங்கி மாற்றலாம், மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றலாம். எந்த இன்ஜின் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்குப் பதில் இன்னொரு 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் என்றால் மாறுவது எண் மட்டும்தான். பிரேக் இன்ஸ்பெக்டருக்குத் தயக்கம் வராது. உங்கள் 1817 சிசி இசுசு நடுவில் நிற்கிறது. சிசி மாறுகிறது, சக்தியும் சுமார் 50 குதிரைத்திறனிலிருந்து 75-க்குப் போகிறது. ஆனால் அதே கம்பெனி, அதே அம்பாசிடர் உடம்பில், அந்த இன்ஜினைப் போட்டு விற்றிருக்கிறது. உங்களுக்கு இருக்கும் ஒரே பலமான வாதம் இதுதான், மனுவில் முதல் வரியாக இதை எழுதுங்கள். வேறு கம்பெனி வேன் இன்ஜின், டீசல் இன்ஜின் என்று போனால் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும்.

இன்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்குள் அதன் எண்ணைக் கண்ணால் பாருங்கள். பிளாக்கில் எண் குத்திய இடம் எண்ணெயும் மண்ணும் கலந்த தார் போல மூடிக் கிடக்கும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள், கிரைண்டர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. தேய்த்த தழும்பு தெரிந்தாலே எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். சுத்தமானதும் மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மட்டும் ஆழமாகவோ சாய்ந்தோ இருந்தால் இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் விட்டுவிடுங்கள். சென்னை புதுப்பேட்டையில் வாங்கினாலும் பக்கத்து ஊர்ப் பட்டறையில் வாங்கினாலும் இந்தச் சோதனை ஒன்றுதான்.

அடுத்து அந்த எண்ணின் ஜாதகம். இன்ஜின் வந்த காரின் ஆர்.சி. நகல் கேளுங்கள். அந்தக் கார் உடைக்கப்பட்டிருந்தால் பிரிவு 55-ன்படி அதன் ஆர்.சி. ரத்தாகியிருக்க வேண்டும். அதன் உரிமையாளர் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைத்திருக்க வேண்டியது அது. ரத்தாகாமல் அந்த எண் இன்னும் வேறு ஒரு வண்டியின் பேரில் இருந்தால், அதே எண்ணை உங்கள் வண்டியில் ஏற்ற எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார். கடையின் ஜி.எஸ்.டி. பில்லில் இன்ஜின் எண் முழுதாக எழுதியிருக்க வேண்டும். “பழைய இன்ஜின் – 1” என்று எழுதிய துண்டுச் சீட்டு குப்பைக்குச் சமம்.

இவ்வளவும் கையில் இருந்தால் உங்கள் எல்லைக்குட்பட்ட வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு (கும்பகோணம் டி.என். 68, தஞ்சாவூர் டி.என். 49) எழுத்து மூலம் மனு கொடுங்கள். ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, இன்ஜின் பில், அந்தக் காரின் ஆர்.சி. ரத்து ஆதாரம், இரண்டு இன்ஜின் எண்களின் பென்சில் பிரிண்ட், நோட்டரி உறுதிமொழி ஆகியவற்றை இணையுங்கள். வண்டி மேல் கடன் இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். பரிவாகன் என்ற போக்குவரத்து இணையதளத்தில் ஆல்டரேஷன் என்ற சேவையில் பதிவு செய்து கட்டணம் கட்டினாலும், மனுவின் ஒரு நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மாற்றம் முடிந்த 14 நாளுக்குள் ஆர்.சி.யில் ஏற்றக் கொடுக்க வேண்டும் என்று பிரிவு 52 சொல்கிறது. இந்த 14 நாளை அனுமதிக்குப் பதிலாக நினைத்துக்கொண்டு மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

இப்போது பட்டறை வேலை. இன்ஜினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். கொடுக்கும் காரும் அம்பாசிடர் என்பதால் மவுண்டிங், கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பர், புரொப்பெல்லர் ஷாப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் சுழல்தண்டு), ரேடியேட்டர், கிளட்ச் இணைப்புகள், ஸ்பீடாமீட்டர் கேபிள், சைலன்சரின் முன்குழாய் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாக எடுத்துவிடுங்கள். லேத்துப் பட்டறையில் தனித்தனியாகச் செய்தால் செலவும் கூடும், செய்தது சரியா என்று நிரூபிக்கவும் முடியாது.

புரொப்பெல்லர் ஷாப்ட்டை வெட்டி ஒட்டியே ஆக வேண்டும் என்றால், வெல்டிங்குக்குப் பிறகு பேலன்ஸ் மெஷினில் ஏற்றாமல் மாட்டாதீர்கள். மாட்டிய பிறகு கியர்பாக்ஸ் முனையின் சாய்வும் பின் ஆக்ஸில் முனையின் சாய்வும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். ஃபோனில் இருக்கும் லெவல் செயலியே போதும். மணிக்கு 60 கிலோமீட்டரில் சீட்டுக்கு அடியில் ரீங்காரம் வந்தால் பெரும்பாலும் காரணம் இந்தச் சாய்வுதான். அதைப் பார்க்காமல் கிராஸ் பேரிங்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மார்க் 2-ல் கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும், இசுசுவில் தரையில் இருக்கும். ஆகவே நடுத் தரைத் தகட்டில் துளை போட வேண்டும். அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, அந்தத் தகடும் உடம்பின் பலத்தில் ஒரு பங்கு. கம்பி அசையும் அளவுக்கு மட்டும் வெட்டி, ஓரத்தைச் சுற்றிப் பட்டை வைத்து வெல்டிங் செய்யுங்கள். முன்சீட்டின் நடுவில் இனி ஆள் உட்கார முடியாது என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கோயில் திருவிழாவுக்குக் கிளம்பும்போது சண்டை வேண்டாம்.

பிரேக்கை மறந்துவிடக் கூடாது. நான்கு சக்கரத்திலும் டிரம், பூஸ்டர் கிடையாது என்பது பழைய இன்ஜினுக்குப் போதுமான ஏற்பாடு. ஒன்றரை மடங்கு சக்திக்கு அது போதாது. பின்னாளில் வந்த அம்பாசிடரின் முன் டிஸ்க்கும் பூஸ்டரும் கிடைத்தால் மாற்றிவிட்டு அதையும் மனுவில் எழுதுங்கள்.

எல்லாம் முடிந்ததும் எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். அறுவடைக் காலத்தில் நெல் லாரி வரிசை நிற்கும், காலையிலேயே போய்விடுங்கள். டிரைவர் இறங்கிய பிறகு வரும் எடையே ஆர்.சி.க்கு உரிய எடை.

கேள்வி: இன்ஜின் மாற்றிய பிறகு செல்ஃப் அடித்தால் மெதுவாகச் சுற்றுகிறது. சோக் கம்பி தொட முடியாத அளவு சூடாகிறது, நேற்று புகையே வந்துவிட்டது. பேட்டரி புதுசு.
— வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்க வேண்டிய எர்த் பட்டையை மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் மின்சாரம் போகாது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேலான மின்சாரம் திரும்பிப் போக வழி தேடி, இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரே கம்பியான சோக் கம்பி வழியே பாய்கிறது. அது ஹீட்டர் காயில் போலப் பழுக்கிறது. கார்ப்பரேட்டருக்குப் பக்கத்தில் இது நடப்பதால் இனி ஒரு தடவைகூட செல்ஃப் அடிக்காதீர்கள்.

தடித்த பின்னல் பட்டை ஒன்றை கியர்பாக்ஸ் போல்ட்டிலிருந்து பாடிக்குக் கொடுங்கள். இரண்டு முனையிலும் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முறுக்குங்கள். சோக் கம்பியைப் புதிதாக மாற்றுங்கள், உள் உறை உருகியிருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். டைனமோ காலத்து வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடிக்குப் போகும். அதில் ஆல்டர்னேட்டர் உள்ள இன்ஜினை அப்படியே இணைத்தால் டையோடுகள் உடனே போய்விடும். பழைய ரேடியோ, அம்மீட்டர் இணைப்புகளையும் மாற்றித்தான் நெகட்டிவ் எர்த்துக்கு வர வேண்டும்.

கேள்வி: மட்டடார் வேனின் டீசல் இன்ஜின் போட்ட அம்பாசிடரைப் போன வருடம் வாங்கினேன். ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கிறது. “டெல்டாவுல பாதி அம்பாசிடர் இப்படித்தான் ஓடுது” என்றார் விற்றவர். இதை ரெகுலர் செய்ய முடியுமா?
— வாசகர், திருவாரூர்

பதில்: ஓடியது உண்மைதான். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் விலை தூரம் அதிகமாக இருந்த காலத்தில் டாக்ஸிக்காரர்கள் ஆரம்பித்த வழக்கம் அது. அதனால் சட்டமாகிவிடாது.

வேறு கம்பெனி இன்ஜின், வேறு எரிபொருள், முன்பக்கம் கூடுதல் எடை என்று மூன்று முரண்பாடு ஒன்றாக இருக்கிறது. எரிபொருள் மாற்றத்துக்குச் சட்டம் விட்டிருக்கும் வழி, அங்கீகரித்த கிட் மூலம் சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கு மாறுவதுதான். கழற்றிய டீசல் இன்ஜின் ஒன்று கிட் ஆகாது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது.

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து விபத்து. பாலிசியில் பெட்ரோல், 1489 சிசி, பழைய இன்ஜின் எண். சர்வேயர் பானெட்டைத் திறந்ததும் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். இழப்பீட்டுத் தொகை கடைசியில் உங்கள் நிலத்தின் மேல் வந்து விழலாம். ஒரு நல்ல 1489 பெட்ரோல் இன்ஜினைத் தேடிப் பிடித்து, முதல் பதிலில் சொன்ன வழியில் எண்ணை ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய சொந்த இன்ஜின் விற்றவர் கொட்டகையில் கிடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அது கிடைத்தால் ஆர்.சி.யைத் தொடவே வேண்டாம்.

டெல்லியில் 10 வருட டீசல் வண்டிக்குத் தடை என்று கேள்விப்பட்டு இரண்டு பேர் பயந்து எழுதியிருக்கிறார்கள். அது தலைநகர் வட்டாரத்துக்கான விதி, திருவாரூருக்கு இல்லை.

கேள்வி: 1968 பியட் வைத்திருக்கிறேன். பிரீமியர் 118 என்இ காரின் 1171 சிசி நிஸான் இன்ஜின் ஏற்றினால் வின்டேஜ் நம்பர் கிடைக்குமா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கிடைக்காது. 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் விதிகள்படி வண்டி முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்திருக்க வேண்டும், அது உங்களுக்கு ஆகிவிட்டது. ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் உருவத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதே விதி. 1089 சிசி அசல் இன்ஜினைப் போரிங் செய்து ஓட வையுங்கள். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். வின்டேஜ் பதிவு வாங்கினால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். வேளாங்கண்ணிக்குத் தினமும் ஓட்டுவதாக இருந்தால் சாதாரண ஆர்.சி. போதும், வின்டேஜ் ஆசையை விடுங்கள்.

கேள்வி: இன்ஜின் சிசி கூடினால் இன்சூரன்ஸ் எவ்வளவு ஏறும்?
— வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தனியார் காருக்கான மூன்றாம் நபர் பிரீமியம் சிசி படிதான். 2022 ஜூனில் வந்த விகிதத்தில் 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், 1500-க்கு மேல் 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. 1489-லிருந்து 1817-க்குப் போனால் இரண்டு மடங்குக்கு மேல். ஆர்.சி.யில் எண் ஏறிய அன்றே பாலிசியிலும் என்டார்ஸ்மென்ட் (மாற்றத்தைக் குறித்த பதிவு) வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் அந்த நாட்களில் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

கேள்வி: காரைக்கால் பி.ஒய். 02 எண்ணுள்ள கான்டெஸா கார். நான் மயிலாடுதுறைக்குக் குடிவந்துவிட்டேன். இன்ஜினும் மாற்ற வேண்டும். எது முதலில்?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: இடமாற்றம் முதலில், பழைய இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே. காரைக்காலில் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று கேட்டால் இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். இன்ஜினை மாற்றிவிட்டுப் போனால் அங்கேயே நின்றுவிடும். சான்றும் படிவம் 27-ம் கொண்டு மயிலாடுதுறையில் டி.என். 82 எண் வாங்கி, தமிழ்நாட்டு வரியைக் கட்டிய பிறகு இன்ஜின் மனுவைக் கொடுங்கள். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் வைத்திருக்கக் கூடாது என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: மாற்றிய இன்ஜின் நன்றாக ஓடுகிறது. ஆனால் புகைச் சோதனையில் சி.ஓ. 5.2 என்று காட்டி ஃபெயில்.
— வாசகர், மன்னார்குடி

பதில்: கார்ப்பரேட்டர் காலத்துப் பெட்ரோல் காருக்கு எல்லை சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 3 சதவீதம், ஹெச்.சி. (எரியாத ஹைட்ரோகார்பன்) 1500 பி.பி.எம். 5.2 என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது.

சோதனைக்கு முன் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். டெம்பரேச்சர் மீட்டர் முள் நடுவுக்கு வராமல் சோதனைக்குப் போவதுதான் முக்கால்வாசி ஃபெயிலுக்குக் காரணம். பிறகு சோக் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். இன்ஜின் மாற்றும்போது சோக் கம்பியை இழுத்துக் கட்டிவிடுவார்கள், பட்டனை உள்ளே தள்ளினாலும் தட்டு கால்வாசி மூடியே நிற்கும். அது சரியென்றால் கார்ப்பரேட்டரின் மிதவை மட்டம், நீடில் வால்வு. கடைசியில்தான் ஐடில் மிக்ஸர் ஸ்க்ரூ: நிமிடத்துக்கு 800 சுற்றில் வைத்துக் கால் திருப்பாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் பொறுத்து மீட்டரைப் பாருங்கள்.

சி.ஓ. குறைந்து ஹெச்.சி. மட்டும் ஏறினால் மிக்ஸரைத் தொடாதீர்கள், ஏதோ ஒரு சிலிண்டர் தீப்பற்றாமல் விடுகிறது. 1489 இன்ஜினுக்கு பிளக் இடைவெளி 0.6 மி.மீ., பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.

மேலும் ஒன்று: இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் அதில் உப்பி, உள்ளே செதில் உரிந்து நீடில் வால்வில் போய் உட்காரும். இன்ஜின் மாற்றும்போதே எத்தனால் தாங்கும் ஹோஸாகப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: கஜா புயலில் தண்ணீரில் நின்ற வண்டி. சேஸிஸ் எண் பாதி துருவில் போய்விட்டது. லேத்தில் கொடுத்துத் திரும்பக் குத்திக்கொள்ளலாமா?
— வாசகர், வேதாரண்யம்

பதில்: கூடவே கூடாது. நல்லெண்ணத்தோடு குத்தினாலும் திருட்டு வண்டிக்குச் செய்யும் வேலை போலத்தான் அது தெரியும். துரு மேல் டீசல் தடவி ஒரு நாள் ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, கிடைத்த அளவுக்குப் பிரிண்டும் போட்டோவும் எடுங்கள். மனு கொடுத்து, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து உத்தரவு தந்த பிறகுதான் மறுபடி குத்த வேண்டும். இது முடியாமல் இன்ஜின் மனு நகராது.

கேள்வி: ஆர்.சி. புதுப்பிக்கும்போது இன்ஜின் மாறியதைக் கண்டுபிடிப்பார்களா?
— வாசகர், ஒரத்தநாடு

பதில்: வண்டியை நேரில் பார்த்துத்தான் 5 வருடத்துக்குப் புதுப்பிப்பார்கள், எண்ணையும் பார்ப்பார்கள். படிவம் 25-ஐக் காலம் முடிவதற்கு 60 நாளுக்குள் கொடுக்கலாம். 20 வருடம் கடந்த காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 10,000 ரூபாய், தாமதித்தால் மாதம் 500 கூடும். இன்ஜின் மாற்றும் எண்ணம் இருந்தால் அந்தப் பதிவை முடித்துவிட்டுப் புதுப்பிக்கப் போங்கள்.

கேள்வி: மாற்றிய பிறகு பழைய இன்ஜினை எடைக்குப் போட்டுவிடலாமா? நல்ல விலை கேட்கிறார்கள்.
— வாசகர், திருவையாறு

பதில்: புது எண்ணோடு ஆர்.சி. கைக்கு வரும்வரை போடாதீர்கள். அனுமதி மறுத்தால் திரும்ப ஏற்ற அது ஒன்றுதான் உங்களிடம் இருக்கும். அதன் எண்ணைப் பார்க்க வேண்டும் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்கவும் கேட்பார். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு பிளக்கை மாட்டுங்கள். தரையில் வைக்காமல் பனங்கட்டை மேல் ஏற்றி வையுங்கள். தார்ப்பாயால் இறுக மூட வேண்டாம், உள்ளே வேர்த்துத் துரு ஏறும். பழைய சணல் சாக்கு போதும்.